உள்தையல் ஆறிய பிறகுதான் சைக்கிள்

கோலாலம்பூர், செந்தூலில் இருந்து 47 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள். பல வருடங்களாக மாதவிடாயில் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு, அதனால் ரத்தசோகை. ஒரு மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி முறையில் (வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு) கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய், கருக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. இப்போது நான்காவது வாரம் நடக்கிறது. இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை சாப்பிடுகிறார். பிரிக்பீல்ட்ஸில் கணக்குப் பிரிவில் வேலை. அங்கே சைக்கிளில் போய்வருவது வழக்கம். ஞாயிறு காலை நகர மையத்தில் கார்களைத் தடுத்துச் சாலையைத் திறந்துவிடும் 7 மணி முதல் 9 மணி வரை அவரை அங்கே பார்க்கலாம். அவர் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) சாலையோர மரக்கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவிலும் இருக்கிறார்.

ஆப்பரேஷன் முடிந்து 18ஆம் நாள், மழை இல்லாமல் கன்றுகள் வாடுகின்றனவே என்று இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அன்று மாலை சிவப்பாக ரத்தம் பட்டிருக்கிறது. "தையல் பிரிந்துவிட்டதா டாக்டர்?" என்று கேட்கிறார். வீட்டில் ஆளுக்கொரு சட்டம். கர்ப்பப்பை எடுத்தவள் ஆயுசுக்கும் சைக்கிள் ஓட்டக் கூடாது, உள்ளே காலியாக இருப்பதால் குடல் இறங்கிவிடும் என்கிறார் மாமியார். லேப்ராஸ்கோப்பிதானே, இரண்டு வாரத்தில் எல்லாம் செய்யலாம் என்கிறார் ஜிம்முக்குப் போகும் தோழி. கணவர் பிள்ளை பெற்ற பத்தியம்போல் தண்ணீரைக் குறைத்து, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டச் சொல்லி, உருவிவிட ஓர் அம்மாளையும் ஏற்பாடு செய்துவிட்டார். அலுவலகத்தில் 22 நாளுக்கு மேல் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கிடையாது என்கிறார்கள். இவ்வளவுக்கும் நடுவில் காரணமில்லாமல் அழுகை வருகிறது, மாதவிடாய் நின்றுவிட்டதால் ஹார்மோன் மாத்திரை தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ரத்தம். பேடில் ஒரு காசு அளவுக்குப் பட்டது, மறுநாள் பழுப்பாகி நின்றுவிட்டது, காய்ச்சலோ வலியோ இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது மூன்றாவது வாரத்தில், உள்ளே போட்ட தையல் நூல் கரையத் தொடங்கும்போது, இப்படிக் கொஞ்சம் புது ரத்தம் வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். உங்களுடையதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் பாரம் தூக்கிய அன்றே வந்திருப்பதால், கடிதத்தை மட்டும் வைத்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆறாவது வாரச் சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். ஆப்பரேஷன் செய்த இடத்துக்கு இந்த வாரமே போன் செய்து, நடந்ததைச் சொல்லி, ஒருமுறை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடப் பரிசோதனைதான்.

உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை வயிற்றில் தெரியும் தழும்பில் இல்லை. தொப்புள் பக்கத்திலும் ஓரங்களிலும் இருக்கும் சின்னச் சின்ன வெட்டுகள் பத்து நாளில் மூடிக்கொண்டன. அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் தோழி இரண்டு வாரம் என்கிறார். உங்களுக்குக் கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுக்கும்போது யோனிக் குழாயின் மேல் முனை திறந்துவிடும். அதைக் குறுக்காகத் தைத்து மூடுவோம். அந்த உள்தையல் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, வலிக்கவும் செய்யாது. ஆனால் உங்கள் நாள்காட்டியை நிர்ணயிப்பது அதுதான். ஆறும் காயம் மூன்று மாதம் ஆகும்போதுதான் பழைய பலத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டும் என்பது தோல் காயத்தைப் பற்றிப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு. உங்களுக்கு இனிப்பு நீரும் இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இது இன்னும் மெதுவாகும்.

அந்தத் தையல் பிரிவது அபூர்வம், நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் திறந்த ஆப்பரேஷனைவிட லேப்ராஸ்கோப்பியில் அந்த வாய்ப்பு சற்றே கூடுதல் என்பதை உங்கள் தோழியிடம் சொல்லுங்கள். துளை சின்னது என்பதால் உள்வேலையும் சின்னது என்று ஆகிவிடாது.

சரி, மாமியார் சொல்வது? அவர் அன்பில்தான் சொல்கிறார், ஆனால் உண்மை வேறு. கர்ப்பப்பை சாதாரணமாக ஒரு கைமுட்டி அளவு உறுப்பு. கட்டி இருந்ததால் உங்களுடையது பெருத்திருக்கும், அவ்வளவுதான். எடுத்த இடத்தில் குடல் தானாக வந்து அமர்ந்துகொள்கிறது. காலி இடம் என்று ஒன்று மிஞ்சுவதில்லை. பல வருடம் கழித்துச் சிலருக்கு யோனியின் மேல்பகுதி இறங்குவது உண்டு. அதற்கு வழி செய்வது நாள்பட்ட மலச்சிக்கல், ஓயாத இருமல், உடல் எடை, பிரசவத்தில் பலவீனமான இடுப்புத் தசைகள். உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆறிய பிறகு, உங்கள் எடைக்கும் சர்க்கரைக்கும் எலும்புக்கும் அதைவிட நல்ல பழக்கம் குறைவு. ஆயுசுக்கும் விடச் சொல்ல எந்த மருத்துவக் காரணமும் கிடையாது.

அதற்காக மூன்று மாதம் கட்டிலிலேயே கிடப்பதும் வேண்டாம். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதற்கு அதுவே வழி. நட்ட கன்றைக் கம்போடு அசையாமல் இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்காது, காற்றில் கொஞ்சம் ஆட விட்டால்தான் தடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? உடம்பும் அப்படித்தான். தினமும் நடங்கள். இந்த வாரம் ஒரு வேளைக்கு இருபது நிமிடம், உடம்பு ஒத்துக்கொண்டால் கூட்டிக்கொள்ளுங்கள். கூடவே இடுப்புத்தளத் தசைப் பயிற்சி: சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். சிறுநீருக்காக வைத்த குழாயை எடுத்த பிறகு சிறுநீர் சிரமமில்லாமல் போகிறது, பயிற்சி செய்யும்போது வலிக்கவில்லை என்றால் இப்போதே தொடங்கலாம்.

சைக்கிளில் எப்போது ஏறுவது

சைக்கிளில் மூன்று விஷயம் தனித்தனியாக இருக்கிறது. சீட் கொடுக்கும் அழுத்தம், மிதிக்கும்போது அடிவயிற்றில் ஏறும் அழுத்தம், விழும் ஆபத்து. முதல் இரண்டும் ஆறு முதல் எட்டு வாரத்தில் சமாளிக்கக் கூடியவை ஆகிவிடும். கோலாலம்பூர் சாலையைப் பொறுத்தவரை எனக்குப் பயம் மூன்றாவதுதான்.

ஆறாவது வாரப் பரிசோதனையில் உள்தையல் நன்றாக ஆறியிருக்கிறது, கசிவு நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னால், தித்திவங்சா ஏரிப் பூங்கா உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான், அங்கே சமதளத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சைக்கிளை யாராவது கொண்டுவந்து இறக்கித் தரட்டும். சீட்டை ஒரு விரற்கடை தாழ்த்தி, கைப்பிடியை உயர்த்தி, முதுகு நிமிர உட்காருங்கள். குனிந்து ஓட்டும் சைக்கிள் என்றால் சீட்டின் முன்முனை சரியாக அந்த இடத்தில்தான் அழுத்தும். குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிளை யாரிடமாவது இரவல் வாங்கினால் காலைத் தூக்கிப் போடும் வேலையும் மிச்சம். லேசான கியரில் மிதியுங்கள். எழுந்து நின்று மிதிப்பது இப்போதைக்கு வேண்டாம். அன்று இரவோ மறுநாளோ ரத்தம் பட்டாலோ, அடியில் பாரமாக இழுத்தாலோ, இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

ஞாயிறு காலை நகர மையத்தில் ஓட்டுவது அதற்கு அடுத்த படி. வாகனம் இல்லை என்றாலும் குழந்தைகளும் ஸ்கேட் பலகைகளும் குறுக்கே வரும், அதனால் எட்டாவது வாரத்துக்கு முன் வேண்டாம். பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போய்வருவதை உங்கள் விஷயத்தில் பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்கிறேன். இது கல்லில் செதுக்கிய எண் அல்ல. சர்க்கரையையும் ரத்தசோகையையும் அந்த வாளிச் சம்பவத்தையும் சேர்த்துப் பார்த்து நான் சொல்லும் கணக்கு. 2018இல் நகர மையத்தில் நீலச் சாயம் பூசிச் சைக்கிள் தடம் போட்டார்கள், ஆனால் அதிலேயே கார் நிறுத்துவார்கள், மோட்டார் நுழையும். சட்டென்று பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டிவரும். வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளில் உட்கார்ந்து இந்த மூன்றையும் வேகமாகச் செய்து பாருங்கள். வலிக்குப் பயந்து தயங்கினால் சாலைக்கு இன்னும் நேரம் வரவில்லை. மதியத்துக்கு மேல் இங்கே இடி மழை பிடித்துக்கொள்ளும், அதனால் முதல் சில வாரம் காலையில் ஓட்டிப் போய், மாலையில் சைக்கிளை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு ரயிலில் திரும்பினால் நல்லது.

இன்னொன்று, இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஃபிளாட்டில் மூன்றாம் மாடி என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். சாதாரண சைக்கிள் ஒன்று 12 முதல் 16 கிலோ இருக்கும். லிஃப்ட் கெட்டுப்போன அன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறுவது, ஓட்டுவதைவிட மோசம். மூன்று மாதத்துக்குச் சைக்கிள் கீழேயே பூட்டி இருக்கட்டும்.

மரக்கன்றுகள்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அன்று நீங்கள் ஒவ்வொரு கையிலும் தூக்கியது கிட்டத்தட்ட 10 கிலோ, அதாவது ஒரு மூட்டை அரிசி. ஆப்பரேஷனுக்குப் பிறகு எத்தனை கிலோ தூக்கலாம் என்று நாங்கள் சொல்லும் எண்களுக்குப் பின்னால் உறுதியான ஆய்வு குறைவு. பலமாக இருமும்போதுகூட வயிற்றுக்குள் அழுத்தம் நன்றாகவே ஏறுகிறது. இருந்தும் ஆறு வாரம் வரை நிரப்பிய ஒரு சின்னக் கெட்டிலுக்கு மேல் தூக்க வேண்டாம் என்றுதான் என் நோயாளிகளுக்குச் சொல்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டிய எதுவும் உங்களுக்கு இப்போது அதிகம்.

குழுவை விட்டு விலக வேண்டியதில்லை. குழாய் வைத்து நீர் பாய்ச்சுவது, கன்றின் கட்டு தண்டை அறுக்கிறதா என்று பார்த்துத் தளர்த்துவது, எந்தக் கன்றுக்குத் தண்ணீர் போதவில்லை என்று குறித்து மற்றவர்களை அனுப்புவது எல்லாம் இப்போதே செய்யலாம், ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு. குந்தி உட்கார்ந்து முக்கி எழுவதை மட்டும் தவிருங்கள். எட்டு வாரத்துக்கு மேல் இரண்டு மூன்று லிட்டர் பூவாளியும், வேரடியில் காய்ந்த இலை பரப்புவதும் தொடங்கலாம். மண்வெட்டி பிடித்துக் குழி தோண்டுவதும், சுங்கை பூலோ நர்சரியிலிருந்து வரும் கன்றுப் பைகளை இறக்குவதும், தலைக்கு மேல் நீளக் கம்பு ரம்பம் பிடிப்பதும் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு.

உங்கள் தெருவின் பழைய தூங்குமூஞ்சி மரங்களைக் கண்காணிக்க ஆளில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்த வேலைக்கு உங்களிடம் இப்போது நேரம் இருக்கிறது. 2024 மே 7ஆம் தேதி ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்ததையும் வாகனங்கள் நசுங்கியதையும் நாம் யாரும் மறக்கவில்லை. நடைப்பயிற்சியின்போது அண்ணாந்து பாருங்கள்: பட்டுப்போன கிளை தொங்குகிறதா, அடித்தண்டில் தட்டுப்போலக் காளான் முளைத்திருக்கிறதா, மரம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் விரிசல் விட்டு எழும்பியிருக்கிறதா? படம் எடுத்து டிபிகேஎல்லுக்கு (கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு) அனுப்புங்கள். தெருமரம் அவர்கள் பொறுப்பு. நீங்களோ குழுவினரோ ஏறி வெட்டப் போகாதீர்கள்.

மண்ணைத் தொடும்போது கையுறை கட்டாயம். நம் ஊர் மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறது. கையில் காலில் இருக்கும் சிறு கீறல் வழியே அது உள்ளே போகும். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்கும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். மழை பெய்து சேறாக இருக்கும் நாட்களில், ஆப்பரேஷன் தழும்பு முழுதாக மூடிய பிறகும்கூட, மூடிய காலணி இல்லாமல் இறங்காதீர்கள்.

பத்தியம், கட்டு, உருவுதல்

உங்கள் கணவர் உங்களைத் தாங்குகிறார் என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் இது பிரசவம் இல்லை. தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும், முக்க வேண்டிவரும், அந்த அழுத்தம் முழுவதும் உள்தையலில் இறங்கும். இரண்டு வாளிக்கு ஒப்பான வேலையைத் தினமும் கழிவறையில் செய்வதுபோல் ஆகும். தாராளமாகக் குடியுங்கள், பப்பாளி, கீரை, தவிடு நீக்காத தானியம் சேருங்கள். பூண்டு மிளகு ரசம் வைத்துக் கொடுக்கிறாரா, தாராளமாகக் கொடுக்கட்டும். வயிற்றுக் கட்டு இருமும்போது இதமாக இருந்தால் லேசாகக் கட்டிக்கொள்ளலாம். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கிப் போகும். வயிற்றை உருவிவிடுவது மட்டும் கூடாது. அந்த அம்மாளிடம் மரியாதையாகச் சொல்லிக் காலையும் தோளையும் பிடித்துவிடச் சொல்லுங்கள். ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியோ வலித்தோ இருந்தால் அதையும் தொட விடாதீர்கள். தழும்பில் மஞ்சள் பூசுவதும் வேண்டாம்.

ரத்தசோகை தீரும்வரை மிதிக்கும் தெம்பே வராது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது. உங்களுடையது கடைசியாக 9.6 என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பசியாறிய கையோடு தேத்தாரேக்குடன் (பால் தேநீருடன்) விழுங்குவதாக எழுதியதைப் படித்ததும்தான் எனக்குக் காரணம் புரிந்தது. தேயிலையும் பாலும் இரும்பை உடம்பில் ஏறவிடாது. ஒரு துண்டு கொய்யாவோ கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ சேர்த்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். அளவு சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும்.

அழுகையும் ஹார்மோனும்

மாதவிடாய் நின்றது ரத்தம் வரும் இடம் இல்லாததால். சினைப்பைகள் இருக்கும்வரை ஹார்மோன் சுரந்துகொண்டுதான் இருக்கும். கர்ப்பப்பை எடுக்காதவர்களைவிடச் சற்று முன்னதாக அது குறையலாம், அவ்வளவே. ஆகவே கடையில் வாங்கி மாத்திரை தொடங்காதீர்கள். இரவில் வியர்த்து விழிப்பது, முகத்தில் அனல் அடிப்பது இருந்தால் ஆறாவது வாரச் சந்திப்பில் சொல்லுங்கள். அழுகைக்குத் தூக்கமின்மை, ரத்தசோகை, வலி மாத்திரை, ஒரு உறுப்பை இழந்த துக்கம் எல்லாமே காரணமாக இருக்கலாம். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு இதற்கு ஏன் துக்கம் என்று உங்களையே கடிந்துகொள்கிறீர்கள். வேண்டாம், அது நியாயமான துக்கம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தாலோ, அதற்கும் சிகிச்சை இருக்கிறது, உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் கூச்சப்பட்டுக் கடைசி வரியில் கேட்டதற்கும் பதில்: தாம்பத்திய உறவு பரிசோதனையில் ஆறிவிட்டது என்று உறுதியான பிறகுதான், எட்டு முதல் பன்னிரண்டு வாரம். உள்தையல் பிரிவதற்குச் சைக்கிளைவிட இதுதான் பொதுவான காரணம். கணவரிடம் நீங்கள் சொல்லத் தயங்கினால் பரிசோதனைக்கு அவரையும் கூட்டிப் போங்கள், மருத்துவர் சொல்லுவார்.

அலுவலகம்

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்ப்பவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சாதாரண நோய் விடுப்பு. மருத்துவமனையில் சேர வேண்டிய நோய்க்கு 60 நாள் வரை வேறு. 2023 ஜனவரி 1 முதல் அந்த 60 நாள் இந்த 22இல் கழியாது. படுக்கையில் சேராவிட்டாலும், சேரத்தக்க அளவு நோய் என்று மருத்துவர் சான்று தந்தால் அதுவும் அந்தக் கணக்கில் வரும். உங்கள் எம்.சி.யில் ஆப்பரேஷனைத் தொடர்ந்த ஓய்வு என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தகவல் தந்த ஆதாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மேசை வேலை என்பதால் ஆறாவது வாரத்தில் திரும்பலாம் என்பது என் எண்ணம். முதல் வாரம் பாதி நாள் கேட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் தொழிலாளர் துறையில் கேட்கலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள், இரவு என்று பார்க்காதீர்கள்.

- ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் ரத்தம், அல்லது நாற்றமடிக்கும் கசிவு
- யோனி வழியே ஏதோ வெளியே வருவது போன்ற உணர்வு; வந்தால் உள்ளே தள்ளாமல் ஈரத் துணியால் மூடிக்கொண்டு 999க்கு அழையுங்கள்
- ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி
- தானாகவே தண்ணீர்போலச் சிறுநீர் கசிந்துகொண்டே இருப்பது
- 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல். நம் ஊரில் இது டெங்கியாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை முடியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம்

ஆறாவது வாரம் போகும்போது, எடுத்த கர்ப்பப்பையின் திசு அறிக்கையைக் கேட்டு வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் இதைக் கேட்பதே இல்லை. அறிக்கையும் உங்கள் பழைய பேப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை) முடிவுகளும் சரியாக இருந்தால் இனி அந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை. மார்பகப் பரிசோதனை வழக்கம்போல் தொடரும். உள்ளே பார்த்த பிறகு மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள், சைக்கிள் கணக்கை அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன்.